வெள்ளைப் புழு

வைகாசி 14, புதன்.

அண்ணனின் குச்சிக்கிழங்குக் காட்டில் இன்று மருந்து வாடை. மாவுப்பூச்சியைத் தின்பதற்காக நான் கொண்டுவந்து விட்ட பொறிவண்டுகள் செடிக்குச் செடி மல்லாந்து கிடந்தன.

அண்ணி வரப்பிலேயே பிடித்துக்கொண்டார். "நல்ல வண்டு கொண்டாந்தே அம்மிணி! பூச்சி கொறையும்னு பாத்தா, வெள்ளை வெள்ளையாப் பெருசாகி ஓடுது. அதான் நேத்து உங்கண்ணங்கிட்டச் சொல்லி மருந்தடிச்சுப்போட்டேன்."

"மாவுப்பூச்சி அப்படி ஓடாதுங்க அண்ணி. நீங்க பாத்தது வண்டோட புழு."

"அதை நீ சொல்லவே இல்லையே?"

சொல்லவில்லைதான். வண்டுகளை விட்ட அன்று, அவற்றின் முதுகு ஓடு உண்மையில் முன்சிறகு, தொட்டால் கால் மூட்டில் கசப்பு நீர் கசியும், வாயில் போட்ட பறவை துப்பிவிடும் என்று அரை மணி நேரம் பேசினேன். மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும் எறும்பை ஏமாற்ற வண்டின் புழு வெள்ளை மெழுகைப் போர்த்துக்கொண்டு பார்க்க மாவுப்பூச்சியைப் போலவே இருக்கும் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். இருபது வருடமாக வகுப்பில் சொல்லிவருவது.

மாவுப்பூச்சி எப்படியும் திரும்பி வரும். அதைத் தின்ன ஒரு வண்டும் மிச்சமில்லை. குருத்தெல்லாம் சுருண்டுவிட்டது, இந்த வருடக் கிழங்கு தேறாது. அண்ணன் சுருண்ட குருத்துகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம்.

ஒரு வண்டைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துவந்தேன். கால்களை மடக்கிக்கொண்டு கிடக்கிறது. பயந்தாலும் இப்படித்தான் செத்ததுபோல் கிடக்கும், சில நிமிடங்களில் எழுந்து நடக்கும். ஒன்பது மணிக்கு மேசைமேல் வைத்தேன். இப்போது பதினொன்று.