சுவருக்கு ஒரு முகம்

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து பதினொரு பாஸ்போர்ட் படம். பதினொரு பேருக்கும் "முகத்தை நிமிர்த்துங்க, தோளை இறக்குங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. மதியம் சுகாதார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறு விழிப்புணர்வுப் படங்கள் வேண்டுமாம், ஆள் உயரத்துக்கு அச்சடித்து ஊர்ச் சுவர்களில் ஒட்டப்போகிறார்களாம். சமூக ஊடகமே கதியென்று கிடப்பது பற்றி ஒன்று. நடைபாதையை மறித்து வண்டி நிறுத்துவது, ஓயாத ஹாரன், குப்பை, வீணாகும் தண்ணீர், ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதது என்று மற்ற ஐந்து.

இருபது வருஷமாக வெள்ளைத் துணிக்கு முன்னால் ஆட்களை உட்காரவைத்து எடுக்கிறவளுக்கு இப்படி ஒரு வேலை! மகளிடம் சொன்னேன். "சுவர் தாங்குமாம்மா?" என்றாள். கொழுப்பு.

மார்ச் 5, புதன்

அலுவலகத்தில் முதல் கூட்டம். துணை இயக்குநர் எதைச் சொன்னாலும் "ஆனா" என்று ஆரம்பிக்கிறார். இனி இந்த நோட்டில் அவர் ஆனா சார்.

மாதிரிப் படங்கள் என்று ஒரு கட்டை நீட்டினார். சங்கிலியால் கட்டிய இரண்டு கைகள். திரைக்குள்ளிருந்து வெளியே வந்து கழுத்தை நெரிக்கும் ஒரு கை. உதட்டைக் குவித்துத் தன்னையே படமெடுக்கும் ஒரு பெண், அவளைச் சுற்றி ஒரு பாம்பு. பாம்பு எதற்கு, கடவுளே!

"சார், சங்கிலி போட்ட கைய நீங்க எந்த வீட்லயாவது பாத்திருக்கீங்களா?" என்றேன். பிறகு என் நோட்டைத் திறந்து காட்டினேன். தவறு செய்கிறவரை வேடிக்கை பார்க்கிற இடத்தில் நான் கேமராவை வைக்கப்போவதில்லை. கஷ்டப்படுகிறவருடைய கண் உயரத்தில் வைப்பேன். நடைபாதை என்றால் சக்கர நாற்காலியில் வருபவரின் உயரம். ஹாரன் என்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணை உயரம். கைப்பேசி என்றால் எதிரே உட்கார்ந்து, இவர் எப்போது நிமிர்வார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறவரின் உயரம். ஆறு படத்துக்கும் இதுதான் சட்டம்.

"ஆனா, நல்லாத்தான் இருக்கு. கைப்பேசிப் படத்துல மட்டும் ஒரு பொண்ணு முகம் பளிச்சுனு தெரியணும். அவங்கதானே எப்பப் பாரு..." என்று இழுத்தார். அப்படிச் சொல்லும்போதே மேசைக்கு அடியில் அவர் கட்டைவிரல் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க இப்ப என்ன சார் பாக்கறீங்க?"

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். குறிப்பெடுத்த எழுத்தருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

மார்ச் 6, வியாழன்

பொண்ணாம்! ஏன், ஆம்பளைங்க கையில இருக்கறது என்ன, செங்கல்லா?

மார்ச் 10, திங்கள்

இன்றும் புதிதாக இரண்டு பேர் வந்து எழுதியிருந்தார்கள். என் மகளுடைய படத்துக்குக் கீழே.

இதை நான் நோட்டில் எழுதியதே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கல்லூரித் தொடரோட்டத்தில் கடைசிச் சுற்றில் அவள் கையிலிருந்த கட்டை நழுவி விழுந்தது. தடத்திலேயே உட்கார்ந்து வாயைத் திறந்து ஓவென்று அழுதாள். யாரோ ஒருத்தன் அதைப் படமெடுத்து, மேலே ஒரு நக்கல் வரியை எழுதிச் சமூக ஊடகத்தில் போட்டான். ஊரே சிரித்தது. தெரியாதவர்களெல்லாம் அவள் வாயைப் பற்றி, மூக்கைப் பற்றி, நிறத்தைப் பற்றி எழுதினார்கள். ஒரு மாதம் அவள் வகுப்புக்குப் போகவில்லை.

அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் போய்ப் பார்க்கிறேன். ஒருத்தனையும் சும்மா விட்டதில்லை. இன்று வந்த இரண்டு பேரில் ஒருவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கொடுத்தேன். வேறு பெயரில்தான் எழுதுகிறேன், அதனால் என்ன? பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பது?

எழுதி முடித்து நிமிர்ந்தால், கைக்குழந்தையோடு படமெடுக்க வந்த ஒரு பெண் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியவில்லை. ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.

மார்ச் 12, புதன்

நடைபாதைப் படம் முடிந்தது. ஸ்டுடியோவின் சக்கர ஸ்டூலில் உட்கார்ந்து, காலால் உந்திக்கொண்டே தெருவின் பாதி தூரம் போனேன். அந்த உயரத்தில் ஊரே வேறு ஊர். எதிரே வண்டிகளின் பின்புறமும் புகைக்குழாய்களும்தான். மருந்துக்கடைக்காரர், "ஏம்மா, நடக்க முடியலையா?" என்று பதறிப்போய் ஓடிவந்தார். "முடியுது சார், முடியாதவங்களுக்காகப் போறேன்" என்றேன். சரியாகப் புரியவில்லை போலிருக்கிறது, ஸ்டூலைத் தள்ளிவிட்டார். ஒரு மோட்டார் சைக்கிள் மேல் போய் இடித்தேன். முழங்கை வீங்கியிருக்கிறது. படம் அருமை!

மார்ச் 14, வெள்ளி

கைப்பேசிப் படத்துக்கு அச்சுக்கடை அண்ணனை உட்காரவைத்தேன். பக்கத்துக் கடை, நல்ல மனுஷன், கேட்டதும் ஒத்துக்கொண்டார். ஆனால் கைப்பேசியை அணைத்துவிட்டுக் கையில் பிடித்திருந்தார். ஏதோ ஊசிப்போனதை மோந்து பார்க்கிற மாதிரி ஒரு முகம். நாற்பது படம் எடுத்தும் நாற்பதும் பொய். "அண்ணே, ஆன் பண்ணிட்டு நிஜமாவே பாருங்க" என்றேன்.

அவ்வளவுதான், ஆள் காணாமல் போனார். ஐந்து நிமிஷத்தில் வாய் லேசாகத் திறந்தது, முகத்தில் நீல வெளிச்சம் ஏறியது, நான் இருப்பதையே மறந்தார். எடுத்து முடித்து "போதும்ண்ணே" என்றேன். அசையவில்லை. விளக்கை அணைத்தேன். அப்போதும் அசையவில்லை. அவர் கடை வாசலில் மூன்று வாடிக்கையாளர்கள் காட்டுக் கத்தல் கத்த, நான் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். "என்ன தங்கச்சி, ஆரம்பிக்கலாமா?" என்கிறார்!

மார்ச் 18, செவ்வாய்

அச்சடித்த படத்தைப் பார்த்ததும் அச்சுக்கடை அண்ணன் முகம் சுருங்கிப்போயிற்று. "இது நானா? வேணாம் தங்கச்சி. கடை வச்சிருக்கறவன் மூஞ்சிய இந்தக் கோலத்துல சுவத்துல ஒட்டினா அப்புறம் எவன் என்னை மதிப்பான்?"

அவரோடு சேர்த்து நான்கு பேர் ஆயிற்று. மருந்துக்கடைக்காரர் மாட்டேன் என்றார். கணக்கு டீச்சர் மாட்டேன் என்றாள். என் சொந்தத் தம்பி, "அக்கா, ஆம்புலன்ஸ் படத்துல வேணா ஸ்ட்ரெச்சர்ல பிணம் மாதிரி படுத்துக்கறேன், இது மட்டும் வேணாம்" என்றான். செத்தவனாக நடிக்கத் தயார், கைப்பேசி பார்ப்பவனாகத் தெரிய மட்டும் வெட்கம்.

வற்புறுத்தவில்லை. கையெழுத்துப் போட்டுத் தராத யார் முகமும் என் கேமராவிலிருந்து வெளியே போகாது. என் மகளுக்கு நடந்தது என்னால் இன்னொருத்தருக்கு நடக்க வேண்டாம்.

மார்ச் 20, வியாழன்

ஆனா சார் கூப்பிட்டார். ஐந்து படங்களும் பிரமாதமாம். "ஆனா, ஆறாவது எங்கே?" என்றார். ஆள் தேடுகிறேன் என்றேன். "அலைய வேணாம், நம்மகிட்டயே ஒண்ணு இருக்கு" என்று கணினியைத் திருப்பிக் காட்டினார்.

போன வருஷம் அவர்கள் நடத்திய ரத்ததான முகாமில் எடுத்தது. பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண், பத்தொன்பது இருபது வயசு இருக்கும், பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்கிறாள். பின்னால் இருந்த முகாம் பலகையை வெட்டி எடுத்துவிட்டார்கள். மேலே பெரிய எழுத்தில் "அடிமை".

"இந்தப் பொண்ணுகிட்டக் கேட்டீங்களா?"

"ஆனா, இது நம்ம முகாம், நம்ம படம். கேக்கறதுக்கு என்ன இருக்கு? இருபத்தெட்டாம் தேதிக்குள்ள நீங்க வேற முகம் குடுத்தா சரி. இல்லேன்னா இதுதான் அச்சுக்குப் போகும்."

மார்ச் 21, வெள்ளி

ரத்தம் குடுக்க வந்தவ! தன் முறை வர்ற வரைக்கும் ரெண்டு நிமிஷம் எதையோ பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. அவங்கம்மாவுக்குக்கூட "வர லேட்டாகும்"னு எழுதிக்கிட்டு இருந்திருக்கலாம். அவள எடுத்து ஊரு பூரா அடிமைன்னு ஒட்டுவாங்களா? நாளைக்கு அவ பஸ்ஸுக்கு நிக்கும்போது எதிர்ச் சுவத்துல அவ முகமே அவளப் பாக்கும். விடமாட்டேன். என் தலைய அடகு வச்சாவது விடமாட்டேன்.

ஆனால் ஏழு நாளில் யாரைப் பிடிப்பேன்?

மார்ச் 23, ஞாயிறு

அழுத்தி எழுதியதில் தாள் கிழிகிறது. கோபம்தான், வேறொன்றுமில்லை.

மதியம் நானும் மகளும் சாப்பிட உட்கார்ந்தோம். படத்துக்குக் கீழே ஒருத்தன், "இந்த மூஞ்சிக்கு அழுகை ஒண்ணுதான் குறைச்சலா" என்று எழுதியிருந்தான். விடுவேனா? பதில் அடித்துக்கொண்டிருந்தேன். க்ளிக் என்று சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் என் கேமரா மகளின் கையில், லென்ஸ் என் முகத்துக்கு நேராக.

"அழிடி அதை" என்றேன்.

"மூணு தடவ கூப்பிட்டேன்மா. உப்பு எடுத்துக் குடுன்னு கேட்டேன்."

"நான் யாருக்காகடி பாத்துக்கிட்டு இருக்கேன்? உன்ன ஒருத்தன் கேவலமாப் பேசறான், நான் வாயை மூடிட்டு இருக்கணுமா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நான் அந்தப் படத்தப் பாத்து ஒன்றரை வருஷம் ஆச்சு. என் கூடப் படிக்கறவங்களே மறந்துட்டாங்க. நீதாம்மா மறக்க விடமாட்டேங்கற. நீ ஒவ்வொரு தடவ பதில் போடும்போதும் அது மறுபடி மேல வருது. மறுபடி புதுசா நாலு பேர் பாக்கறாங்க. அந்தப் பதிவ உயிரோட வச்சிருக்கறது நீதான்."

தட்டைத் தள்ளிவிட்டு ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, பூட்டிய கடைக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நன்றி கெட்டவள்.

மார்ச் 24, திங்கள்

அவளோடு பேசவில்லை. அவளும்தான்.

மார்ச் 25, செவ்வாய்

கேமராவில் படம் இன்னும் இருந்தது. அவள் அழிக்கவில்லை. நானும் அழிக்கலாம் என்றுதான் திறந்தேன்.

பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். தட்டுக்கு மேல் குனிந்த ஒரு பெண். பல்லைக் கடித்திருக்கிறாள். மூக்குக்கண்ணாடியில் திரையின் வெளிச்சம் இரண்டு சின்னச் சதுரங்களாக. கட்டைவிரல் மட்டும் மங்கல், அவ்வளவு வேகம். படத்தின் கீழ் ஓரத்தில் இன்னொரு தட்டின் விளிம்பு தெரிகிறது. எடுத்தவளின் தட்டு.

கண் உயரம் அச்சுப் பிசகாமல் இருக்கிறது. என் நோட்டைப் பார்த்திருக்கிறாள், திருடி.

என் மகளுக்காகச் சண்டை போடும் முகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த முகம் இது. இரண்டு வருஷமாக அவள் எதிரே உட்கார்ந்து பார்த்தது இதைத்தான். பார்க்கப் பார்க்க வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுதேன், எழுதிவைக்கிறேன், அழுதேன். அதன்பிறகு கை வழக்கம்போல வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றியது, இடது ஓரத்தை வெட்டியது. நல்ல படம். ஆறில் இதுதான் சிறந்த படம்.

சாயங்காலம் அவளிடம் கேட்டேன், "இத சுவத்துல ஒட்டலாமா?"

"உன் மூஞ்சி, உன் இஷ்டம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஊரே சிரிக்கும்மா, தெரியும்ல?" என்றாள்.

தெரியும். எனக்குத் தெரியாதா?

மார்ச் 28, வெள்ளி

ஆனா சார் படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஆனா, இது நீங்களாச்சே!"

"நானேதான்."

"ஆனா, உங்க வயசுல... மக்கள் இளைஞர்களத்தான் எதிர்பார்ப்பாங்க."

"என் வயசுக்கு என்ன சார்? இதோ என் முகம், இதோ கையெழுத்து. அந்தப் பச்சைச் சட்டைப் பொண்ணோட கையெழுத்த எடுத்து வையுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம். அது இல்லாம அவ படம் அச்சுக்குப் போனா, அவ வீட்டைத் தேடிக் கண்டுபிடிச்சு, நானே கூட்டிட்டு வந்து உங்க மேலதிகாரி முன்னால நிறுத்துவேன்."

எழுத்தர்தான் மெல்ல, "சார், அந்த முகாம்ல நாம யார்கிட்டயும் சம்மதம் வாங்கல" என்றார். அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அரை மணி நேரம் இழுத்தார்கள். என் முகத்தை மங்கலாக்கட்டுமா என்று கேட்டார்கள். ஒரு புள்ளிகூடத் தொடக்கூடாது என்றேன். "அடிமை" என்ற சொல்லும் வேண்டாம் என்றேன். படத்துக்குக் கீழே "மூணு தடவ கூப்பிட்டேன்" என்று மட்டும் வரும். எடுத்தவர் என்ற இடத்தில் என் மகளின் பெயர். பச்சைச் சட்டைக்காரியின் படத்தை என் கண்ணெதிரே கணினியிலிருந்து நீக்கவைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

ஒட்டிவிட்டார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே என்னைவிடப் பெரிதாக நான். ஒரு பல்லைக் கறுப்பு மையால் நிரப்பியிருக்கிறார்கள். பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒருவர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான்தான் சார். முகத்தை நிமிர்த்துங்க" என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

மதியம் மகள் ஸ்டுடியோவுக்கே ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. "அம்மா, யாரோ உன் போஸ்டரப் படமெடுத்துப் போட்டுட்டாங்க. எல்லா இடத்துலயும் ஓடுது."

"என்ன எழுதியிருக்காங்க?"

"நிறைய. உன் கண்ணாடி, உன் பல்லு... நான் பாத்துக்கறேன், நீ பாக்காத" என்றவள் ஸ்டூலில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். முகம் சிவந்திருந்தது. பல்லைக் கடித்திருந்தாள். அப்படியே என் முகம்.

அவளைக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது தடவைக்கு நிமிர்ந்தாள். நிமிர்ந்து என்னையே பார்த்தாள், பிறகு எழுதிய நாலு வரியையும் அவளே அழித்தாள். நல்ல வரிகளாகத்தான் இருந்திருக்கும், என் மகளாயிற்றே.

பொய் சொல்லமாட்டேன், எனக்கும் கை நமநமவென்றுதான் இருந்தது. யாரவன், என் பல்லைப் பற்றிப் பேச? என் கைப்பேசியை அவளிடம் கொடுத்து, அவளுடைய பழைய பதிவுக்குப் பதில் எழுத நான் வைத்திருந்த அந்த வேறு பெயர்க் கணக்கை மூடச் சொன்னேன். நான் இதுவரை எழுதியவை எல்லாமே போய்விடும், பரவாயில்லையா என்று கேட்டாள். போகட்டும் என்றேன். இருவரும் டீ குடிக்கப் போனோம்.

ஏப்ரல் 26, சனி

ஒன்பது நாள் ஆயிற்று. என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது.