மஸ்கட் சித்தி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்றும் பொய் சொன்னேன்.

ஆராதனை முடிந்ததும் கமலா ஆன்ட்டி வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஜெபம் செய்வார். எங்கள் தமிழ்ச் சர்ச்சில் யார் வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு துபாயில் ஏறினால் தோஹா, குவைத் என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று வருவார். "மஸ்கட்டில் இருக்கிற ஸ்டெல்லாவை நினைத்தருளும் ஆண்டவரே" என்று அவர் சொல்லும்போது அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கும். ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில்.

ஸ்டெல்லா சித்தி அம்மாவின் தங்கை. அவள் மஸ்கட்டில் இல்லை. ஏமனில், சனா நகரத்தில், குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறாள்.

டீ குடிக்கும்போது ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். "ஏம்மா ரக்ஷிதா, உங்க சித்தி ஒரு டப்பா மஸ்கட் அல்வா அனுப்ப மாட்டாளா? பேரைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் ஊறுது."

"டூட்டி முடிஞ்சு வர்றதுக்குள்ள கடையை மூடிடறாங்களாம் ஆன்ட்டி. வீடு துறைமுகத்துப் பக்கம். நாலாவது மாடி. பால்கனியில நின்னா கப்பல் தெரியுமாம்."

துறைமுகம் பள்ளி நூலகத்து அட்லஸில் பார்த்தது. பொய் சொன்னாலும் தகவல் சரியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இது நல்ல குணமா, மோசமான குணமா?

மெட்டுகுடாவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்துசேர்ந்தோம். பூட்டைத் திறக்கும்போது அம்மா, "பால்கனி எப்போடி வந்துச்சு?" என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

பின்னால் நானே படித்துக் குழம்பக்கூடாது. அதனால் தெளிவாக எழுதிவைக்கிறேன்.

ஏமனுக்குப் போக இந்தியர்களுக்கு அரசாங்கம் தடை போட்டிருக்கிறது. அங்கே போர். மீறிப் போனால் பாஸ்போர்ட்டைப் பறிமுதல் செய்வார்கள். பல வருஷங்களுக்குப் புதிதாகவும் தர மாட்டார்கள். சித்தி தடைக்கு முன்னாலேயே போனவள். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்பு லீவில் வந்துவிட்டாள். வந்தால் திரும்பிப் போகக்கூடாது.

இங்கே ஒரு நர்சிங் ஹோமில் மூன்று மாதம் வேலை பார்த்தாள். "சம்பளம் ஆட்டோவுக்கே சரியாப் போவுதுக்கா" என்றாள். அதற்கப்புறம் டிராவல்ஸ் சலீம் பாய் ஓமனுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தார். ஓமன் வரை விமானம், அங்கிருந்து எல்லை தாண்டி பஸ். அதனால்தான் எல்லாருக்கும் மஸ்கட். முழுப் பொய் இல்லை என்று அம்மா சொல்வாள். சித்தி ஓமனில் இறங்கியது உண்மைதானே?

அப்பாவுக்கு இது பிடிக்கவே இல்லை. ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருபது வருஷம். லீவு, பாஸ், குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுவது, எல்லாவற்றுக்கும் எழுதிக் கேட்டுப் பழகியவர். "எழுதிக் கேட்டுட்டுப் போயிருக்கலாம்" என்றார். "எழுதிக் கேட்டா நக்கோ, போவாதேன்னுதான் சொல்வாங்க மாமா" என்று சித்தி சிரித்தாள். அந்தச் சிரிப்போடு போனவள்.

ஆகஸ்ட் 16, சனி

போனில் சித்தியின் குரல்பதிவு வந்தது. "ரக்ஷி, சாப்ட்டியா? இங்க கரண்ட் வருது, போவுது. ஜுலைகா ரொட்டி சுடறா, இந்தியா மேப் மாதிரி வந்திருக்கு. காஷ்மீரை நான் தின்னுட்டேன்."

ஜுலைகா சித்தியோடு வேலை பார்க்கும் நர்ஸ். ஆம்பூர்க்காரி. பின்னால் அவள் "கன்னியாகுமரி எனக்கு!" என்று கத்துவது கேட்கிறது.

அம்மாவுக்கு வந்தது வேறு. பாஸ்போர்ட் நவம்பரில் காலாவதியாகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் தூதரகத்துக்கு எழுத வேண்டும். எழுதினால் ஏமனில் இருப்பது தெரிந்துவிடும். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பாஸ்போர்ட் போச்சுன்னா என் பொழைப்பே போச்சு. நான் பாத்துக்கறேன்."

என்ன பார்த்துக்கொள்வாள்?

ஆகஸ்ட் 30, சனி

இன்று மதியம் மெட்ரோ ஸ்டேஷன் படியில் மஸ்கட் சித்தியைப் பார்த்தேன்.

பைத்தியம் இல்லை. யாரோ ஒருத்தி. கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத குர்தா, கையில் நல்ல பை. ஆனால் நான் சர்ச்சில் சொல்லிச் சொல்லி உண்டாக்கியவள் அப்படியே இறங்கி வந்ததுபோல் இருந்தது. அவளுக்கு ஏசி அறை இருக்கிறது. மாலையில் கடற்கரைக்குப் போகிறாள். பக்கத்து வீட்டில் ஒரு பூனைகூட இருக்கிறது. போன மாதம்தான் அதைச் சேர்த்தேன்.

வீட்டுக்கு வந்து நிஜச் சித்தியின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். நெற்றி வந்தது. மூக்கு வந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கண்ணாடி.

செப்டம்பர் 6, சனி

விநாயகர் ஊர்வலம். தீன்மார் மேளச் சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. சித்தி இருக்கும் ஊரில் ஜன்னல் அதிர்ந்தால் யாரும் ஆட மாட்டார்கள்.

செப்டம்பர் 11, வியாழன்

நேற்று சனாவில் குண்டு போட்டிருக்கிறார்கள். பள்ளி நூலகத்தில் செய்தி பார்த்தேன். பலர் இறந்திருக்கிறார்கள். படத்தில் ஒரு தெரு, பாதி நிற்கும் ஒரு கட்டடம். பால்கனி மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது.

சித்திக்கு அனுப்பிய செய்திக்கு ஒரு டிக் மட்டும். போய்ச் சேரவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒரே டிக்.

அப்பா, "தூதரகத்துக்கு எழுதிடறேன் ராஜி" என்றார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "டவர் இல்லாம இருக்கும். நாளைக்கே அவ வந்து, ஏன் காட்டிக் கொடுத்தீங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்வேன்?" என்றாள். அப்பாவின் தட்டில் தோசையை இரண்டு தடவை போட்டாள்.

சலீம் பாய் போனில், "டென்ஷன் நக்கோ. நான் ஆளைக் கேட்டிருக்கேன்" என்றாராம்.

எனக்கு ஒரு எண்ணம் வந்து போக மாட்டேன் என்கிறது. இரண்டு வருஷமாக எங்கள் சர்ச்சின் ஜெபம் முழுவதும் மஸ்கட்டுக்கு, அந்த நாலாவது மாடிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் அவள் அவ்வளவு நன்றாக இருக்கிறாள். சனாவில் இருப்பவளுக்கு என்று யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடவுளுக்கு விலாசம் தேவையில்லை என்று தெரியும். பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். இருந்தாலும்—

செப்டம்பர் 14, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கமலா ஆன்ட்டி தோஹா வந்தார், குவைத் வந்தார். "மஸ்கட்டில் இருக்கிற ஸ்டெல்லாவை—" அம்மாவின் விரல்கள் என் கையில் விழுந்தன. நான் எழுந்து நின்றேன்.

"மஸ்கட் இல்ல ஆன்ட்டி. ஏமன். சனா. நாலு நாளா பேச்சே இல்ல."

யாரோ, "ஏமனா? அங்கதான் போகக்கூடாதுன்னு சட்டமே இருக்கே" என்றார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கழுத்து சிவந்துபோனதைப் பார்த்தேன்.

கமலா ஆன்ட்டி கண்ணைத் திறந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு அழுகை வந்துவிட்டது. "ரெண்டு வருஷமா ஊர் மாத்தி ஜெபம் பண்ண வெச்சுட்டீங்களே ராஜி! இன்னாத்துக்கும்மா எங்கிட்ட..."

அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, எல்லாரையும் முழங்காலில் நிற்கச் சொல்லி, மற்ற நாடுகளை எல்லாம் விட்டுவிட்டு, சனாவுக்கு மட்டும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அம்மா வீடு வரைக்கும் என்னைவிடப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

செப்டம்பர் 15, திங்கள்

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று அப்பா தூதரகத்துக்கு எழுதிவிட்டார். ஏமனில் நம் தூதரகம் இல்லையாம். வேறு நாட்டில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிறார்கள். சித்தி எப்படிப் போனாள் என்பதையும் எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்துவிட்டு அப்பா கை கழுவினார்.

சலீம் பாய் நேரிலேயே வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று என்னைப் பார்த்து, "கைக்கு போலே பேட்டா? கைக்கு?" என்றார். ஏன் சொன்னாய், ஏன்? கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பாவமாகக் கேட்டார்.

செப்டம்பர் 24, புதன்

அம்மா என்னிடம் தேவையானதை மட்டும் பேசுகிறாள். சாப்பிடு. குடையை எடு. தெருவில் பெண்கள் பதுகம்மா பண்டிகைக்குப் பூ அடுக்குகிறார்கள். பக்கத்து வீட்டு ஹர்ஷிதா ஆடக் கூப்பிட்டாள். போகவில்லை.

சித்தி இறந்திருந்தால், நான் சொன்னதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. உயிரோடு இருந்தால், அவள் பிழைப்பைக் கெடுத்தவள் நான். எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யோசித்தேனே, அதுதான் பயமாக இருக்கிறது.

அக்டோபர் 2, வியாழன்

உயிரோடு இருக்கிறாள்!

ஜுலைகாவின் எண்ணிலிருந்து சித்தியின் அழைப்பு வந்தது. போன் உடைந்துபோனதாம். வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். கரகரவென்று யாரோ போலப் பேசினாள். முதலில் எங்களை எல்லாம் விசாரித்தாள். கடைசியில், "தூதரகத்துல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் வந்துச்சுக்கா. யாரு சொன்னது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா போனை வாயருகே வைத்துக்கொண்டு, "நான்தாண்டி சொன்னேன். மொத்தச் சர்ச்சும் கேக்க நின்னு சொன்னேன். வந்து என்னைத் திட்டிக்கோ, வா" என்றாள்.

போனை வைத்துவிட்டு என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு. அப்புறம் அங்கேயே கையை வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 17, வெள்ளி

ஒருமுறை மட்டும் பயணம் செய்ய ஒரு தாள் தருவார்களாம். திரும்பி வருவதற்கு மட்டும். ஏடன் நகரம் வரை அவளே வந்துசேர வேண்டும். வந்து இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும். அப்பா தொலைபேசியில் எல்லாவற்றுக்கும் "எஸ் சார்" என்றார்.

நவம்பர் 18, செவ்வாய்

சித்தி வந்துவிட்டாள். மும்பையில் விமானம் இறங்கி, ரயிலில் வந்தாள். அப்பா போய்க் கூட்டிவந்தார்.

அம்மாவைவிட வயதானவள்போல் இருக்கிறாள். கண் இருக்கிறது. நான் முதலில் அதைத்தான் பார்த்தேன்.

"பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிட்டு டீ குடுத்தாங்க. நல்ல டீ" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 22, சனி

ரயில்வே யார்டில் சரக்குப் பெட்டிகளை இணைக்கும்போது டமால் என்று ஒரு சத்தம் வரும். பிறந்ததிலிருந்து கேட்பதால் எங்களுக்குக் கேட்பதே இல்லை. இன்று மதியம் அந்தச் சத்தம் வந்தபோது சித்தி சோற்றுக் கையோடு எழுந்து, என் கட்டிலை ஜன்னலிலிருந்து இழுத்து நடுவீட்டில் போட்டாள். அதன்மேல் குனிந்து எதையோ எண்ணினாள். என் புத்தகங்களை எண்ணினாள் என்று முதலில் நினைத்தேன். அவள் வார்டு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அப்புறம் உட்கார்ந்து மோர் கேட்டாள்.

கட்டில் அங்கேயே கிடக்கிறது. யாரும் நகர்த்தவில்லை.

நவம்பர் 29, சனி

நானே சொன்னேன். "சித்தி, அம்மா இல்ல. நான்தான் சொன்னேன்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "தெரியும். உங்கம்மாவுக்கு அந்தத் தைரியம் ஏது?"

"கோவமா?"

கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். "ஆமா" என்றாள். அடுத்ததை எடுத்துக்கொண்டு, "அன்னைக்கு நீ சொன்னதாலதான் என்னைத் தேடினாங்க. அதுவும் தெரியும். ரெண்டும் இருக்குடி" என்றாள்.

ஜுலைகா ஏன் வரவில்லை என்று கேட்டேன். ஜுலைகாவின் அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அவள் அனுப்பும் பணத்தில்தான் நடக்கிறது. "அவ வீட்டுல துபாய்னு சொல்லி வெச்சிருக்காங்க. நான் வாயைத் தொறந்தா அவளுக்கும் இதே கதிதான். தொறக்கலன்னா..." வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் போனைப் பார்த்தாள். ஒரு டிக்கா, இரண்டா என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

சித்தி முதல்முறையாகச் சர்ச்சுக்கு வந்தாள். எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கமலா ஆன்ட்டி கட்டிக்கொண்டு விடவே இல்லை.

ஜெபத்துக்குக் கண்ணை மூடுவதற்கு முன்னால் ஆன்ட்டி, "ஸ்டெல்லாதான் வந்துட்டாளே, ஸ்தோத்திரம்! இனிமே ஏமன் வேணாம், மஸ்கட்டும் வேணாம். என் வேலை குறைஞ்சுது" என்றார்.

சித்தி எழுந்தாள். "ஏமன் ஸ்டெல்லாவை எடுத்துடுங்கக்கா. மஸ்கட் ஸ்டெல்லா மட்டும் இருக்கட்டும்."

சிரிப்பு எழுந்தது. "அப்படி ஒருத்தி இல்லவே இல்லன்னு உங்க வீட்டுப் பொண்ணுதானே சொன்னா?" என்றார் ஆன்ட்டி.

"இருக்காக்கா. தனியாத்தான் இருக்கா. வாராவாரம் சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. ஆன்ட்டி சித்தியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், இந்தத் தடவையும் நான் எழுந்து ஊரைத் திருத்துவேன் என்பதுபோல. சித்தியின் விரல்கள் என் மணிக்கட்டில் விழுந்தன, அம்மா பிடிக்கும் அதே இடத்தில்.

"கன்னியாகுமரி எனக்கு!" என்ற குரல் ஞாபகம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். துபாய் வந்தது. தோஹா, குவைத். மஸ்கட் வந்தபோது எல்லாரையும்விட நான்தான் சத்தமாக ஆமென் சொன்னேன்.