இரண்டு பேர் தூக்கக்கூடிய இஞ்சின்

சுங்கை லந்தாய் தோட்டம்,
கிள்ளான்.
1.3.1987

அன்புத் தம்பி தம்புசாமிக்கு, அக்கா எழுதுவது.

உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடுதான் இருட்டாக இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தோட்டம் கைமாறியது உனக்குத் தெரியும். அறுபது குடும்பத்தில் நாற்பத்தாறு, புதுக் கம்பெனி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பண்டமாரான் பக்கமும் கம்போங் மேடான் பக்கமும் போய்விட்டன. மிச்சம் பதினான்கு குடும்பம் இங்கேயே இருக்கிறோம். எங்களுக்கு மாற்று வீடு எங்கே என்று எழுத்தில் காட்டட்டும், அப்புறம் இந்த லயத்து வீடுகளைக் காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டோம்.

போன மாதம் பத்தாம் தேதி பேச்சுவார்த்தை என்று தொழிலாளர் இலாகாவுக்குப் போயிருந்தோம். சின்னப் பிள்ளைகளைக்கூட விடாமல் தூக்கிக்கொண்டு எல்லோரும் போனோம். சாயங்காலம் திரும்பிவந்தால் ரப்பர் ஆலையில் இருந்த பெரிய இஞ்சினைக் காணோம். நமக்குக் கரண்டு கொடுத்ததும் கிணற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியதும் அது ஒன்றுதான். கம்பெனிக்காரன் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் மேனேஜர் காரிலிருந்து இறங்காமலே சொன்னான்: "லைட்டும் இல்ல, தண்ணியும் இல்ல. எத்தனை நாளைக்கு இருப்பீங்கன்னு பாக்கறேன்."

"நல்லா பாருங்க தொரை. கண்ணு தெரியலேன்னா நாங்களே வெளக்கு போட்டுக் காட்டுறோம்" என்றேன். சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. மூன்று வாரமாகக் கிணற்றில் வாளி போட்டு இறைத்து என் தோள்பட்டை கழன்றுவிட்டது.

நீ இருபது வருஷமாக இஞ்சினோடு பழகுகிறவன். சின்ன ஜெனரேட்டர் ஒன்று வாங்கப் போகிறோம். விலை குறைவாக இருக்கவேண்டும். இரண்டு பொம்பளைகள் தூக்கக்கூடியதாக இருக்கவேண்டும். எதை வாங்கலாம்? உடனே எழுது.

உன் அக்கா,
பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
7.3.1987

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்திரகலா படித்துவிட்டு அழுதாள். மாமா இறந்த நாளிலிருந்து இங்கே வந்துவிடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டோம். பின்னறை காலியாகத்தான் இருக்கிறது. கோயில் நடக்கிற தூரம். சுவிட்சைத் தட்டினால் விளக்கு, குழாயைத் திறந்தால் தண்ணீர். இதை விட்டுவிட்டு அந்த இருட்டில் எதற்காக?

ஜெனரேட்டர் என்பது ரேடியோ வாங்குவதுபோல அல்ல அக்கா. பெட்ரோல், புகை, கரண்டு மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கிற சாமான். தெரியாதவர்கள் கையில் அது ஆபத்து. போன வருஷம் ரவாங் பக்கம் ஒரு காவல்காரன், மழை என்று குடிசைக்குள்ளேயே வைத்து ஓட்டிவிட்டுப் படுத்தான். காலையில் எழுந்திருக்கவில்லை. புகையின் வாசனைகூடத் தெரியாமல் ஆள் போய்விட்டான்.

கம்பெனி பெரியது. பதினான்கு குடும்பம் என்ன செய்துவிட முடியும்? தயவுசெய்து துணிமணியைக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் தம்பி,
தம்புசாமி


சுங்கை லந்தாய் தோட்டம்
14.3.1987

அன்புத் தம்பிக்கு,

எந்த இஞ்சின் வாங்குவது என்று கேட்டேன். நான் எங்கே குடியிருப்பது என்று பதில் எழுதியிருக்கிறாய். சந்திரகலாவுக்கு என் அன்பைச் சொல். உன் பெண்டாட்டி நல்ல மனசுக்காரி. ஆனால் உன் பின்னறைக்கு நான் ஒருத்தி வரலாம், வீரம்மா வரலாமா? அவள் மகள் இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை எழுதுகிறாள், மண்ணெண்ணெய் விளக்கில் படித்துப் படித்துக் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது. காலில் புண்ணோடு இருக்கும் நாராயணன் அண்ணன் வரலாமா? பதினான்கு குடும்பத்துக்கும் பின்னறை இருந்தால் எழுது, நாளைக்கே லோரி பிடிக்கிறேன்.

நானும் வீரம்மாவும் கிள்ளானில் ஒரு கடைக்குப் போனோம். மூன்று வகை காட்டினார்கள்.

ஒன்று சிவப்புப் பெட்டி, தைவான் சாமான், புத்தம் புதுசு. ஒரு கையால் தூக்கினேன். விலையும் அதுதான் குறைவு. அறுநூற்றைம்பது வாட்ஸ் என்றான் கடைக்காரன். இன்னொன்று ஜப்பான்காரனுடையது, பழசு, ஏதோ கட்டுமான வேலையிலிருந்து வந்ததாம். பெயிண்ட் உரிந்து அசிங்கமாக இருக்கிறது. இரண்டாயிரம் வாட்ஸ் என்றான். மூன்றாவது டீசல். அதைப் பார்த்தவுடனே வேண்டாம் என்றுவிட்டேன், நாலு ஆண்பிள்ளை வேண்டும் தூக்க. கம்பெனிக்காரன் இன்னொரு தடவை லோரியோடு வந்தால், அவன் இறங்குவதற்குள் நாங்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு மலாய்க்காரர் கம்பத்து வீடுகள் பக்கம் போய்விட வேண்டும்.

கடைக்காரன் எங்களைப் பார்த்து, "அக்கா, வீட்டுல ஆம்பள இல்லையா? கூட்டிட்டு வாங்க, நான் வெளக்கமா சொல்றேன்" என்றான். வீரம்மா, "ஆம்பளைக்கு வெளக்கமா சொல்லத் தெரியுதுல்ல, அதையே எங்ககிட்ட சொல்லு பாஸ்" என்றாள். அப்புறம் ஒழுங்காகப் பேசினான்.

எனக்குச் சிவப்புப் பெட்டிமேல்தான் ஆசை. விலை குறைவு, கனமும் இல்லை. ஆனால் ஏதோ உறுத்துகிறது. வீட்டுக்கு ஒரு டியூப் லைட், பதினான்கு லைட். பகலில் அரைக் குதிரைச் சக்திப் பம்பு. இதைச் சிவப்புப் பெட்டி தாங்குமா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. பின்னறையைப் பற்றி எழுதாதே.

உன் அக்கா,
பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
21.3.1987

அன்புள்ள அக்காவுக்கு,

தாங்காது. சிவப்புப் பெட்டியைத் தொடாதீர்கள்.

டியூப் லைட் நாற்பது வாட்ஸ் என்று எழுதியிருக்கும், ஆனால் அதன் சோக்கும் சேர்ந்து ஐம்பது இழுக்கும். பதினான்குக்கு எழுநூறு ஆகிவிட்டது. அந்தப் பெட்டி அங்கேயே திணறும். அது டூ ஸ்ட்ரோக் வேறு. பெட்ரோலில் எண்ணெய் கலந்தே ஊற்றவேண்டும், ஒரு நாள் யாராவது கலக்க மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பம்பு இன்னும் மோசம். ஓடும்போது அறுநூறு வாட்ஸ்தான், ஆனால் கிளம்புகிற அந்த நொடியில் மூன்று மடங்கு கேட்கும். சாமான் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான்.

அந்த அசிங்கமான ஜப்பான் இஞ்சின் உங்களுக்குச் சரியாக வரும். ஃபோர் ஸ்ட்ரோக்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்து கிலோ இருக்கலாம், இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஆனால் பழசு என்பதால் கடைக்காரன் பேச்சை நம்பாதீர்கள். எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் கருப்பாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது, வாங்காமல் வந்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொல்லி அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, வீரம்மா அக்காவைக் கயிற்றை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளவேண்டும். தள்ளவில்லை என்றால் உள்ளே தேய்ந்துவிட்டது.

வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கையோடு எடுத்துப் போங்கள். இஞ்சின் ஓடும்போது சொருகுங்கள். சத்தம் ஒரு நொடி தாழ்ந்து, திரும்ப எழுந்து நிற்கவேண்டும். அரை மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தி, சூட்டோடு மறுபடியும் கிளப்பிப் பாருங்கள். கெட்ட இஞ்சின் அப்போதுதான் மாட்டிக்கொள்ளும்.

பம்பையும் லைட்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். இஞ்சின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். வீட்டுக்குள், சன்னலடியில், தாழ்வாரத்தில், எங்கேயும் வேண்டாம். வெட்டவெளியில் வையுங்கள், மழைக்கு மேலே ஒரு தகரம் போதும்.

நான் கூட வரமுடியாது. வேலை அதிகம். மன்னியுங்கள்.

தம்புசாமி


சுங்கை லந்தாய் தோட்டம்
5.4.1987

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகச் செய்தோம். இஸ்திரிப் பெட்டியைச் சொருகினதும் கடைக்காரன், "அக்கா, யார் ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றான். "எந்தம்பி லா, பிரிக்பீல்ட்ஸ்ல பெரிய மெக்கானிக்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

இஞ்சின் நின்றுவிட்டது. ஆமாம், உன் இஸ்திரிப் பெட்டிக்கே அந்த ஜப்பான் இஞ்சின் படுத்துவிட்டது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். வேறு பார்க்கிறோம். நீ எழுதாமல் இருந்தால் அதைத் தலையில் கட்டியிருப்பான்.

நீ வந்தால் ஒரே நாளில் முடிகிற காரியம். நாராயணன் அண்ணன்கூடக் கேட்டார், தம்புசாமி ஏன் எட்டிப் பார்ப்பதில்லை என்று. வேலை அதிகம் என்று எழுதுகிறாய். ஞாயிற்றுக்கிழமையும் வேலையா?

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். நேற்று ஆலைக்குள் போய் அந்த இஞ்சின் இருந்த சிமெண்டு மேடையைப் பார்த்தேன். பெயர்த்து எடுக்கிறவன் போல்ட்டை அறுத்துப் போட்டுவிட்டுப் போவான். இங்கே ஒரு போல்ட்டும் கெடவில்லை. எட்டு போல்ட்டிலும் நட்டைத் திரும்ப மாட்டி, துருப்பிடிக்காமல் கிரீஸ் தடவி வைத்திருக்கிறது. அப்படி வேலை செய்கிற ஒருவனைத்தான் எனக்குத் தெரியும். அவன் பதினாறு வயதில் அந்த இஞ்சினில்தான் தொழில் கற்றான்.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
11.4.1987

அக்கா,

நான்தான்.

தவுக்கே, அதுதான் எங்கள் பட்டறை முதலாளி, கிள்ளானில் ஒரு வேலை என்று மட்டும் சொல்லி ஏற்றினான். லோரி தார் ரோட்டிலிருந்து செம்மண்ணில் இறங்கியபோதுதான் எங்கே போகிறோம் என்று புரிந்தது. அப்போதே குதித்திருக்கலாம். "தவுக்கே, இது எங்க தோட்டம்" என்று மட்டும் சொன்னேன். "அப்ப நல்லது, ஒனக்கு எல்லா நட்டும் தெரியும்" என்று சிரித்தான். நானும் இறங்கி வேலையைப் பார்த்தேன்.

லயத்தில் ஒருவரும் இல்லை. உங்கள் வீட்டுக் கொடியில் நீலக் கைலி காய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் எங்கேயோ வெளியூர் போயிருக்கிறீர்கள், இது காலியான தோட்டம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலியான தோட்டத்தில் யார் கைலி காயப்போடுவார்கள்? தெரிந்துதான் செய்தேன். பையன்களின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, எல்லாம் அந்த நேரத்தில் காரணமாகத் தெரிந்தது.

உங்கள் முதல் கடிதம் வந்ததும் இங்கே வந்துவிடுங்கள் என்று எழுதினேனே, அது உங்களுக்காக மட்டும் எழுதியது அல்ல. நீங்கள் வந்துவிட்டால் நான் செய்தது ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று நினைத்தேன்.

பட்டறையில் நானே பிரித்துக் கட்டிய ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது. நல்ல சாமான். காசு வேண்டாம். ஒரு டாக்சியில் போட்டு யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறேன். தயவுசெய்து வேறு யாரிடமும் இதைச் சொல்லாதீர்கள்.

தம்புசாமி


சுங்கை லந்தாய் தோட்டம்
24.5.1987

தம்புசாமிக்கு,

ஆறு வாரம் எழுதவில்லை. நடுவில் நீ எழுதிய இரண்டையும் பிரிக்காமல் வைத்திருந்தேன். இன்று காலையில்தான் பிரித்தேன்.

முதல் கோபம் உன்மேல் வந்தது, அதை மறைக்க மாட்டேன். நீ கழற்றிக்கொண்டு போன மறுநாளிலிருந்து வீரம்மா மகள் விடியற்காலையில் எழுந்து தண்ணீர் இறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். ஒவ்வொரு வாளிக்கும் உன் பெயரைச் சொல்லி இறைக்கலாம்போல இருந்தது.

யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன். பதினான்கு குடும்பத்தையும் கோயில் முன்னால் உட்காரவைத்து உன் கடிதத்தை முழுக்கப் படித்தேன். நான் மறைத்தால் அந்த லோரியில் நானும் வந்ததாக ஆகும். படித்து முடித்ததும் வீரம்மா உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினாள். எழுதமாட்டேன், நீயே நினைத்துக்கொள். நாராயணன் அண்ணன்தான் கடைசியில், "கழட்டத் தெரிஞ்சவனுக்கு மாட்டவும் தெரியும். வரச் சொல்லு. ஆனா அவன் சாமான் வேணாம்" என்றார். எல்லோரும் அதையே சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரி. யாருக்கும் தெரியாமல் வந்து வைத்துவிட்டுப் போகிற விளக்கு எங்களுக்கு எதற்கு?

நாங்களே வாங்கிவிட்டோம். பண்டமாரானில், மீன்பிடிப் படகு வைத்திருந்த ஒரு சீனக் கிழவரிடம். உன் கட்டைவிரல் சோதனை, எண்ணெய்க் குச்சி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் அது நின்றது. சூட்டோடு கிளப்பினோம், ஒரே இழுப்பு. ரப்பர் பால் வாளி சுமந்த காண்டாக் கம்பில் தொங்கவிட்டு நானும் வீரம்மாவும் தூக்கிப் பார்த்தோம், லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. தூக்கமுடிகிறது.

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தான். இந்தத் தடவை காரிலிருந்து இறங்கினான்.

"இது கம்பெனி நெலம். இங்க இஞ்சின் ஓட்ட பெர்மிஷன் இல்ல."

"போலீஸ்ல சொல்லுங்க தொரை. இருட்டுல இருந்தவங்க வெளக்கு போட்டுட்டாங்கன்னு எழுதிக் குடுங்க. நான் சாட்சிக் கையெழுத்து போடுறேன்" என்றேன். அவன் ஒவ்வொரு வீடாகப் பார்த்தான். பதினான்கு வீட்டிலும் லைட் எரிந்தது. காரில் ஏறிப் போய்விட்டான். போன வாரம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, மாற்று வீடு பற்றிப் பேச ஜூன் பன்னிரண்டில் தொழிலாளர் இலாகாவுக்கு வருகிறார்களாம். இந்தத் தடவை பேச்சுக்குப் பாதிப் பேர்தான் போவோம். மீதிப் பேர் இஞ்சினுக்குப் பக்கத்தில் இருப்போம்.

பம்புக்கு ஒயர் இழுப்பது மட்டும் பாக்கி. எங்களுக்குத் தெரியவில்லை, தெரியாமல் கைவைக்கவும் மாட்டோம். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு வா. டாக்சி வேண்டாம். பின்பக்கம் பால் கொட்டாய் வழியாக வராதே. தார் ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கி, மேனேஜர் பங்களாவுக்கு முன்னால் நடந்து, லயத்து நடுவாக வா. எல்லோரும் வாசலில் இருப்பார்கள். நீ செய்ததை உன் வாயால் சொல். உனக்காக நான் பேசமாட்டேன். வீரம்மா ஏசுவாள், நின்று கேள். அப்புறம் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையைப் பார். ஒயர் இழுக்கும்போதே வீரம்மா மகளுக்குக் கற்றுக்கொடு, அடுத்த தடவை உன்னைக் கூப்பிடாமல் நாங்களே செய்துகொள்வோம்.

மத்தியானம் என் வீட்டில் சாப்பாடு.

வரப் பயமாக இருந்தால் வராதே. நீ வராவிட்டாலும் இங்கே விளக்கு எரியும்.

உன் அக்கா,
பவுனம்மாள்