மூக்கைக் கீழே அழுத்திய வெள்ளிக்கிழமை

மாப்ள,

இன்று இந்த ருவைஸ் பாலைவனத்தில் காலையிலிருந்தே புழுதிக்காற்று. ரூம் ஜன்னல் இடுக்குகளில் பழுப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பசை வாசனை வந்ததும் உன்மேல் பழைய கோபம் ஒருமுறை எட்டிப் பார்த்தது. பின்னாடியே சிரிப்பும் வந்தது. நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகப் போகிறது. கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை.

ஷார்ஜாவில் நாம் ஒரே ரூமில் இருந்த காலம். வெள்ளைக்காரர் ஒருவர் பாதியில் விட்டுப்போன குட்டி விமானத்தை வாங்கி, உன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் பின்னால் போட்டு, வெள்ளி தவறாமல் உட்கார்ந்து கட்டி முடித்தாய். முறையாகப் பறக்கவும் கற்றுக்கொண்டாய். கீழக்கரையில் உன் வாப்பா தோணி விட்டார், மகன் தோணிக்கு இறக்கை கட்டிவிட்டான் என்று நான் கேலி செய்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் ஏற்றினாய். ஊரில் பிறந்து ஏழெட்டு மாதமாகியிருந்த என் மகளை நான் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த மாதம்தான் லீவு. மணலுக்கு மேல் நன்றாக உயர்ந்த பிறகு எஞ்சின் இருமியது, பிறகு நின்றேவிட்டது. அத்தனை சத்தத்துக்குப் பின் காற்று மட்டும் கேட்டது. மகளின் முகத்தை மனதில் கொண்டுவரப் பார்த்தேன். பார்க்காத முகம் எப்படி வரும்? அழுகைதான் வந்தது.

நீ விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்தினாய். மேலே இழு என்று உன் கையைப் பிடித்துக்கொண்டேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மேல இழுத்தா கல்லு மாதிரி விழுவோம் மாப்ள. எறங்க ஒத்துக்கிட்டாத்தான் அது பறக்கும். கைய எடு."

எடுத்தேன்.

ஒட்டகங்களை ஓடப் பழக்கும் பாதை ஒன்று கீழே நேராகக் கிடந்தது. வெயில் ஏறிவிட்டதால் அவை கொட்டடிக்குத் திரும்பியிருந்தன. இரண்டு மூன்று தரம் குதித்து, வேலியை உரசி நின்றோம். சக்கரம் ஒன்று போனது, நமக்குச் சிராய்ப்போடு சரி. ஒட்டகம் பார்க்கும் பலூச்சிக்காரர் தண்ணீரோடு ஓடிவந்தார். குடிக்கக் கொடுத்துவிட்டு, இங்கே வண்டி நிறுத்தக்கூடாது பாய் என்றார்.

அப்போதுதான் நீ பெட்ரோல் டாங்க் மூடியைப் பார்த்தாய். முந்தின நாள் புழுதிக்காற்றில் மணல் புகக்கூடாதென்று, ரூம் ஜன்னலுக்கு ஒட்டுகிற பழக்கத்தில் மூடிக்கும் டேப் ஒட்டியிருந்தாய். அதிலிருந்த காற்றுத்துளை அடைபட்டு, பெட்ரோல் இறங்காமல் எஞ்சின் நின்றிருக்கிறது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாய்.

அடுத்த மாதம் ஊருக்குப் போனேன். என்னைக் கண்டதும் மகள் வீறிட்டு அழுது, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிடுங்கி அணைத்துக்கொள்ளக் கை பரபரத்தது. கைய எடு என்ற உன் குரல் காதில் கேட்டது. கையை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அவளே தவழ்ந்து வந்து என் மடியில் ஏறினாள். அந்தக் குட்டிப் பாரம் இன்னும் மடியில் இருக்கிறது, மாப்ள. நீ தந்தது.