தக்காளிப் பாடம்

1978 ஜூலை 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம்: பழம், காய்கறி. புத்தகத்தில் முதல் படம் பிளம்ஸ். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பிளம்ஸைக் கண்டதில்லை. நானும் கண்டதில்லை, ஆனால் எனக்குச் சம்பளம் உண்டு.

நாளை நிஜக் காய்கறி வைத்துப் பாடம். வகுப்பில் செல்வி என்ற பெண். அவள் அப்பா முத்தையா ஆற்றோரம் காய்கறி போடுகிறார். பாடத்துக்கு ஒரு கூடை தருமாறு அவரிடம் கேட்டேன்.

"சாருக்கு இல்லாததா லா. நல்லதா பாத்துக் குடுத்து விடுறேன்."

புது சாக்பீஸ் வாங்க வேண்டும். சளி.

ஜூலை 12, புதன்

கூடை வந்தது. கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ், கேரட், கத்திரி, தக்காளி. தக்காளியில் ஒரு கீறல் இல்லை.

ஒரு விதி வைத்தேன்: ஆங்கிலத்தில் பெயர் சொல்பவருக்கே அந்தக் காய், அங்கேயே தின்னலாம். "டொமேட்டோ" என்று செல்வி முந்திக்கொண்டாள். தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கூச்சம் என்று நினைத்தேன். "சாப்பிடும்மா, பரிசுதானே."

பின்வரிசையில்: "வேணாம்னா எனக்குக் குடு டீ."

தின்றாள், முழுதாக. அடுத்தது கத்திரிக்காய். அதன் பெயர் திடீரென யாருக்கும் தெரியவில்லை.

மாலை. பள்ளி மணி அடிக்குமுன் செல்விக்கு வாந்தி. இந்தக் குளிரில் அவளுக்கு வியர்வை, வாயில் எச்சில் வழிந்தபடி. தோட்டத்து மருந்தகத்து டிரெஸ்ஸர் கண்ணைப் பார்த்தார். "கண்மணி ஊசிமுனையா இருக்கு. மருந்து அடிச்சது எதையாச்சும் தின்னுச்சா?" தோட்டத்து லோரியில் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

முத்தையா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்.

"எந்தத் தக்காளி சார்? விக்கிற பாத்தியில நேத்து சாயந்தரம்தான் பூச்சிமருந்து அடிச்சேன். வீட்டுக்குத் தனிப் பாத்தி, மருந்தே கிடையாது. அதெல்லாம் ஓட்டையும் புழுவும். அதையா வாத்தியாருக்குக் குடுப்பேன்? காட்டத்தான் கேக்குறீங்கன்னு நினைச்சேன்."

"செல்விக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். நீங்க குடுக்குறப்ப எப்படி வேணாம்னு சொல்லும்?"

டாக்டருக்குத் தமிழ் வராது. என்ன தின்றாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "திஸ் இஸ் எ டொமேட்டோ" என்றாள். என் மாணவர்களில் ஆங்கிலத்தில் முழு வாக்கியம் சொன்ன முதல் ஆள்.

ஜூலை 13, வியாழன்

மூடுபனி. பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தா. ஊசி மேல் ஊசி. மூச்சு சரியில்லை என்கிறார் நர்ஸ். இன்று தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியுமாம்.

முத்தையா எனக்குத் தேநீர் வாங்கி வந்தார். சீனி போதுமா சார் என்று வேறு கேட்டார். திட்டினால் தேவலை. அவர் மனைவி என்னைப் பார்க்கவில்லை. அது கொஞ்சம் ஆறுதல்.

கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். இதுவரை வாளி, துடைப்பம், வேறு யாருக்கோ கஞ்சி.

ஜூலை 14, வெள்ளி

கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாளாம். நான் உள்ளே போகவில்லை.

ஜூலை 24, திங்கள்

வெயில். செல்வி பள்ளிக்கு வந்தாள், அம்மாவின் ஸ்வெட்டரில். பாடத்தை விட்ட இடத்தில் தொடர வேண்டும். காய்கறி கிடையாது, கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு தக்காளி வரைந்தேன்.

"இது என்ன?"

விடை தெரியாத முகம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் எல்லோரும் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு என் கையையே பார்த்தார்கள். என் கையில் சாக்பீஸ் மட்டும்.

கடைசியில் செல்வி எழுந்தாள்.

"சொன்னா சாப்பிடணுமா சார்?"