நடுக் கட்டத்தில் நின்றவன்

கண்டி,
2026 பெப்ரவரி 8

அன்புள்ள ஸிபான் நானாவுக்கு,

அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: பகடை சாய்ந்து நின்றது. உங்கள் விதிப் புத்தகத்தின் ஓரத்தில் முட்டி, எந்த முகத்திலும் சரியாக உட்காராமல் நின்றது. நீங்கள் மேசையின் மறுமுனையிலிருந்து எட்டிப் பார்த்து "பதினைந்து" என்றீர்கள். சாய்ந்த பகடையைத் திரும்ப உருட்ட வேண்டும் என்பது நம் மேசையின் முதல் நாள் சட்டம். பகடை என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. நான் வாய் திறக்கவில்லை.

இதைப் போனில் சொல்ல எனக்கு முடியவில்லை. இத்தனை நாளும் உங்கள் அழைப்புகளை எடுக்காமல் இருந்ததும் இதனால்தான். கோபம் என்று உங்கள் உம்மா நினைத்திருந்தால், இல்லையென்று சொல்லுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால், கதையில் எங்கள் ஆள் என்ன செய்வான் என்று நாங்கள் மூவரும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தருவோமே, அந்தப் பழக்கத்தில் இதையும் தாளில் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வரிசையாக எழுதினால்தான் எனக்குப் பிடிபடும்.

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை. உங்கள் கடைக்கு மேலே உள்ள அறை. கதையை நடத்தியவர் நீங்கள். கதைக்குள் உங்கள் தங்கை நுஸ்ஹா மருத்துவச்சி, நான் வில்லாளி, சஞ்சீவ் கேடயக்காரன். சுரங்கப் பாதை ஒரு கட்டம்தான் அகலம். முன்னால் பூதம், நடுவில் சஞ்சீவின் ஆள், அவனுக்குப் பின்னால் நான். அவன் காய், அவன் வேலை செய்த போன் கடையிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கர் காந்தம். என் காய், உம்மாவின் தையல் பெட்டியில் எடுத்த நீலப் பொத்தான்.

இரண்டு வாரம் சண்டை பிடித்து நாம் செய்த சட்டத்தையும் எழுதிவிடுகிறேன். இருபது முகப் பகடையில் பதினொன்றோ அதற்கு மேலோ விழுந்தால் என் அம்பு பூதத்தில் படும். நடுவில் நம் ஆள் நின்றால், அவன் மறைக்கிறான் என்பதற்காகப் பதினாறு வேண்டும். பதினொன்றிலிருந்து பதினைந்துக்குள் விழுந்தால், பூதத்துக்குப் போக வேண்டிய அம்பை நடுவில் நிற்பவன் வாங்கிக்கொள்வான். இந்தச் சட்டத்துக்காக அதிகம் வாதாடியவனே சஞ்சீவ்தான். "நடுவுல நிக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னா, அப்புறம் நடுவுல நிக்கிறதுல என்னா இருக்கு?" என்று கேட்டான்.

அன்று நான் அவனை விலகச் சொன்னேன்.

"எங்க மிஸ் விலகுறது, சுவத்துக்குள்ளயா? சும்மா சுடுங்க. உங்க அம்புக்குப் பயந்தேன்னு தெரிஞ்சா எங்கம்மா சோறு போடாது."

நான் டியூஷன் வகுப்பு எடுக்கிறேன் என்பதற்காக என்னை மிஸ் என்றே கூப்பிட்டான். அதோடு விடவில்லை. "வில்ல வித்துட்டு ஒரு கவண் வாங்கிக்கங்க மிஸ், கொய்யாக்காயாவது விழும்" என்றான். நுஸ்ஹா சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. நீங்கள் "பதினைந்து" என்றபோது என் மனதில் வந்தது ஒரே ஒரு சொல்: படட்டும். அவன் ஆளிடம் மிச்சமிருந்த மூன்று புள்ளி உயிரும் அந்த அம்போடு போயிற்று.

ஆள் செத்தவர் அன்றைக்குக் கதிரையை விட்டு எழும்ப வேண்டும், அடுத்த சனிக்கிழமைதான் புது ஆளோடு வரலாம் என்பதும் நம் சட்டம். வழமையாக அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகும் விளையாடி, உங்கள் வீட்டிலேயே படுத்து, ஞாயிறு காலையில் பன்விலைத் தோட்டத்து வீட்டுக்குப் போகிறவன், அன்று மூன்றரைக்கே பையைத் தோளில் போட்டான். "செத்தவனுக்கு உம்மா சோறு தருவாங்களா நானா?" என்று கேட்டான். உம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மறுநாள் விடியுமுன் அவர்கள் லய வீடுகளின் மேலே மலை சரிந்தது. பாதைகள் மூடிக் கிடந்தன. அவன் இழவுக்குக்கூட நாம் போகவில்லை.

பகடை என்னிடம்தான் இருக்கிறது. வீட்டில் உருட்டிப் பார்க்கிறேன். இருபது முகத்தில் ஐந்துதான் அவன்மேல் பட்டிருக்கும். மற்றப் பதினைந்தும் அவனை அந்த இரவு உங்கள் வீட்டில் படுக்க விட்டிருக்கும். இத்தனை தடவை உருட்டியும் அது ஒரு தடவைகூடச் சாய்ந்து நிற்கவில்லை.

நுஸ்ஹாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

கிருஷாந்தி

---

அக்குறணை,
2026 பெப்ரவரி 13

அன்பின் கிருஷாந்திக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஜும்ஆவுக்குப் போய் வந்து மறுபடியும் ஒரு தரம் வாசித்தேன்.

உம்மாவுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை, முறைப்பாடுதான் இருக்கிறது. "அந்தப் புள்ளைக்கின்டு வட்டிலப்பம் எடுத்து வெச்சா, அதுவும் நுஸ்ஹாட வயித்துக்குத்தான் போகுது" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்கிறார். நீங்கள் எழுதியதை நான் அவரிடம் சொல்லவில்லை. நுஸ்ஹாவிடமும் சொல்லவில்லை.

பகடை சாய்ந்ததை நான் காணவில்லை. சாய்ந்திருந்தால் அதைக் கண்டிருக்க வேண்டியவன் நான். கதை நடத்துபவனுக்கு அதுதானே வேலை. மவுத்து, ஆயுள் எழுதப்பட்ட நேரத்தில் வரும், பிளாஸ்டிக் கட்டியில் வராது. விட்டுவிடுங்கள்.

எழுத வேண்டிய வேறு விஷயம் ஒன்று இருக்கிறது. சஞ்சீவின் தங்கச்சி யசோதா எனக்குப் போன் எடுத்தாள். கட்டுகஸ்தோட்டையில் பாமசியில் வேலைக்கு நிற்கிறாளாம். தாயும் இப்போது அவளோடு போர்டிங் அறையில்தான். அண்ணன் கடைசியாகச் சிரித்துக் கதைத்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். "அண்ணனோட ஆளு எப்புடிச் செத்தாருன்னு வெளையாண்டவங்க வாயால கேக்கணும்" என்றாள். நோன்பு வருகிறது, பெருநாள் முடிந்து மார்ச் 28 சனிக்கிழமை வாங்க என்று சொல்லிவிட்டேன்.

நீங்களும் வர வேண்டும். பூதம் அடித்துச் செத்தான் என்று சொல்வோம். அந்தப் பிள்ளைக்கு நம் சட்டமெல்லாம் எங்கே தெரியப் போகிறது? நுஸ்ஹாவும் அப்படியே சொல்வாள். அதற்குப் பிறகு, உங்களுக்குச் சம்மதமென்றால், மூன்று பேராக மறுபடி தொடங்கலாம். சஞ்சீவின் கதிரையைக் கீழே கடைக்கு இறக்கிவிடுகிறேன்.

உங்கள் நானா,
ஸிபான்

---

கண்டி,
2026 பெப்ரவரி 17

ஸிபான் நானாவுக்கு,

நாளை மறுநாள் நோன்பு தொடங்கும் என்று என் வகுப்புப் பிள்ளை அம்னா சொன்னாள். உங்கள் எல்லோருக்கும் நல்ல மாதமாக அமையட்டும்.

பூதம் அவனை அடிக்கவில்லை நானா. அவன் அங்கே நின்றவரைக்கும் பூதத்தால் எங்கள் பக்கம் வரவே முடியவில்லை. அவன் தங்கையிடம் அதைப் பொய்யாகச் சொல்ல என்னால் முடியாது. அவள் கேட்டால் நான் சொல்வேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் எழுந்து போனாலும் சொல்வேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்று நாங்கள் மூவரும் வந்தவுடன் கடிதம் தந்தோம். என்னுடையதையும் நுஸ்ஹாவுடையதையும் பிரித்து வாசித்தீர்கள். சஞ்சீவ் தன்னுடையதை எப்போதும்போலப் போன் கடை ஸ்டிக்கரால் ஒட்டியிருந்தான். நீங்கள் அதை எடுக்கப் போகும்போது சாமான் லொறி வந்தது. கீழே போனீர்கள். திரும்பி வந்து, நேரமாகிவிட்டது என்று நேரே ஆட்டத்தைத் தொடங்கினீர்கள்.

கடிதத்தில் எழுதித் தந்தது நடந்ததாகவே கொள்ளப்படும், பகடையாலும் அதை மாற்ற முடியாது என்று சட்டம் செய்தவர் நீங்கள். அவன் என்ன எழுதியிருந்தான்?

கிருஷாந்தி

---

அக்குறணை,
2026 மார்ச் 24

அன்பின் கிருஷாந்திக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். நோன்போடு பொய் எழுதக் கை வரவில்லை. உண்மையை எழுதவும் வரவில்லை. பெருநாளும் போய்விட்டது. உம்மா உங்கள் பங்கு மஸ்கட் இனிப்பைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறார்.

நீங்கள் கேட்டது சரி. நான் பிரிக்கவில்லை. திங்கட்கிழமை, அவன் மண்ணுக்குள் அகப்பட்ட செய்தி வந்த பிறகுதான், விதிப் புத்தகத்துக்கு அடியிலிருந்து எடுத்துப் பிரித்தேன். அதற்குப் பிறகு அதை அலுமாரியில் துணிக்கட்டுக்குக் கீழே வைத்திருந்தேன். இத்தோடு அனுப்புகிறேன். என்னிடம் இனி இருக்க வேண்டாம். ஈரம் பட்டு ஓரம் கொஞ்சம் அழிந்திருக்கிறது என்பதால், எழுதியிருப்பதை இங்கேயும் எழுதுகிறேன்:

"ஸிபான் நானாவுக்கு. என் ஆளின் நிரந்தரக் கட்டளை இது. மிஸ் வில்லை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் என் ஆள் முழங்காலில் குந்திவிடுவான். அம்பு தலைக்கு மேலால் போகட்டும். திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, நாண் இழுக்கிற சத்தம் அவனுக்குப் போதும். மிஸ்ஸிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் பயமில்லாமல் சுடுவார், பிறகு எனக்கு வம்பிழுக்க ஒன்றும் இருக்காது. சஞ்சீவ்."

சட்டப்படி அந்த அம்பு அவனைத் தொட்டிருக்கவே முடியாது, கிருஷாந்தி. பகடை சாய்ந்தாலும் நேராக நின்றாலும் ஒன்றுதான். உங்கள் கடிதம் வந்த அன்றே இதைச் சொல்லி உங்கள் பாரத்தை இறக்கியிருக்கலாம். நான் செய்யவில்லை. நீங்கள் உங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும்வரை என்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்று இருந்துவிட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஒன்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. "நானா, என்ட கடிதத்தப் பாத்தீங்களா?" என்று அவன் ஒரு சொல் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? அவன் சிரித்துக்கொண்டே எழும்பினது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

சனிக்கிழமை நீங்கள் ஒன்றும் கதைக்க வேண்டாம். யசோதாவிடம் நானே சொல்கிறேன். வந்து பக்கத்தில் இருந்தால் போதும்.

ஸிபான்

---

கண்டி,
2026 மார்ச் 29

ஸிபான் நானாவுக்கு,

நேற்று நீங்கள் வரவில்லை. மாத்தளைக்குச் சரக்கெடுக்கப் போய்விட்டதாக நுஸ்ஹா சொன்னாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தெருவில் வாகனம் நின்ற போதெல்லாம் எழுந்து ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். உங்களைச் சங்கடப்படுத்த இதை எழுதவில்லை. இனி எழுதப் போவதை நீங்கள் அங்கே இருந்து கேட்டிருக்க வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

யசோதா இரண்டு மணிக்கு வந்தாள். அவனைப் போலவே நெற்றி. உம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. மேலே வந்ததும் "அண்ணே எங்க ஒக்காரும்?" என்று கேட்டாள். நல்ல வேளை, கதிரையை நீங்கள் கீழே இறக்கியிருக்கவில்லை. அதில் உட்கார்ந்தாள். நான் கட்டம் போட்ட மட்டையை விரித்து, காந்தத்தை அதன் கட்டத்தில் வைத்தேன், பொத்தானைப் பின்னால் வைத்தேன். அம்பு என்னுடையது என்று சொன்னேன். பகடை சாய்ந்ததையும், கவண் வாங்கச் சொன்னதற்காக நான் பேசாமல் இருந்ததையும் சொன்னேன். பிறகு அவன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். ஆட்டத்தன்று அது யாராலும் பிரிக்கப்படாமல் கிடந்தது என்றும் சொன்னேன். உங்களுக்காகச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. உங்களைக் குறையாகவும் பேசவில்லை.

அவள் இரண்டு தடவை வாசித்தாள். பிறகு சொன்னாள்:

"தெரியும் மிஸ். அண்ணே பஸ்ஸுல இருந்து போன் பண்ணுச்சு. ஒரே சிரிப்பு. 'மிஸ் என்னைய முதுகுல சுட்டுட்டாங்கடி. டைஸு சாஞ்சு கெடந்துச்சு. அவங்களும் பாத்தாங்க, நானும் பாத்தேன். நானா என் கடுதாசியப் பிரிக்கவே இல்ல. நான் வாயத் தொறந்தா பொழைச்சிருவேன். பொழைச்சா நாளைக்கு வரைக்கும் அங்கதான் இருக்கணும். மழையப் பாத்தா அம்மா தனியா இருக்கிறது சரியாப் படல. அதான் செத்துட்டு வாரேன்'னுச்சு."

நுஸ்ஹா எழுந்து கீழே போய்விட்டாள். "அப்புறம் எதுக்கும்மா எங்ககிட்ட கேக்க வந்த?" என்றேன்.

"நீங்க சொல்லுவீங்களான்னு பாக்க வந்தேன்."

நான் பேசியிருந்தால் அவன் இருந்திருப்பான் என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை. "அண்ணே இருந்திருக்கும். அம்மா இருந்திருக்காது. அந்தப் பக்கம் போவாதீங்க மிஸ். நான் போய்ப் பாத்துட்டேன். திரும்பி வர வழியில்ல."

கடிதத்தையும் காந்தத்தையும் அவளுக்கே கொடுத்துவிட்டேன். போகும்போது கைப்பையின் கொக்கியில் காந்தம் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரிக்காமலேயே போனாள்.

பகடையை உங்கள் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். எந்த முகம் மேலே இருந்தது என்று பார்க்கவில்லை. மூன்று பேராகத் தொடங்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் வரமாட்டேன் நானா. பகடைக்காகவோ கடிதத்துக்காகவோ இல்லை. அதெல்லாம் நாம் இருவரும் செய்ததுதான். நேற்று வருவதாகச் சொல்லிவிட்டு நீங்கள் வரவில்லை. நடுவில் யாரும் இல்லாத மேசையில் உங்களுக்கு எதிரே உட்கார எனக்குத் தெரியாது. உம்மாவைப் பார்க்க ஒரு நாள் வருவேன், வார நாளில்.

அவன் ஏன் கேட்கவில்லை என்பதற்கு உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மிச்சத்தையும் யசோதா சொன்னபடியே எழுதுகிறேன்.

கட்டுகஸ்தோட்டையில் இறங்கி, வத்தேகமையில் பஸ் மாறி, ஆறரைக்கு வீட்டுக்குப் போனான். உம்மா கட்டிக் கொடுத்த சோற்றை அம்மாவும் அவனும் சாப்பிட்டார்கள். விடியுமுன் பின்சுவரில் சேற்றுத் தண்ணீர் கசிந்தது. அம்மாவைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டான். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டில் தனியாக இருந்த அழகமுத்து என்ற பெரியவரைக் கூட்டிவரத் திரும்பிப் போனான். அவர் வேறு பாதையால் ஏற்கெனவே பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். ஐந்து மணிக்கு மலை இறங்கியது. மூன்றாம் நாள் அவனை எடுத்தார்கள்.

கிருஷாந்தி