மூன்று மணிக்கு வந்த வலி

செந்துறை
23.3.2025

அன்புள்ள ஜெயசித்ராவுக்கு,

உன் அண்ணி ஆண்டாயி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் இருக்கிறோம். நலம் என்று எழுத வேண்டிய இடத்தில் இருக்கிறோம் என்று எழுதிவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அங்கே போர்ட் பிளேரில் நீயும் உன் வீட்டுக்கார அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் இப்போது உன் அண்ணன் கையில்தான் இருக்கிறது. நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். வேலைக்குப் போகாத மனுஷனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு. அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. காலையில் அவர் நடக்கப் போகும் நேரத்தில், நான்கு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக எதுவும் எழுதியதில்லை. பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது சாயங்காலம் ஐந்து மணிக்கு என்று சொன்னேன். அது ஐந்து இல்லை. மூன்று மணி.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தை மாதக் கடைசி முகூர்த்தம், விக்கிரமங்கலத்தில் ஒரு மண்டபம். மாலை வரவேற்புக்கு அறுநூறு பேருக்குச் சமையல். மதியம் மூன்று மணிக்கு நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். உன் அண்ணன் அடுப்பை விட்டு என் பக்கத்தில் வந்து குந்தினார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "முடியல ஆண்டாயி. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவமா?" என்றார். எனக்கு எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது. அதனால்தான் மணி தெரியும்.

இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் வாயால் கேட்டது அன்று ஒரு தடவைதான். காலில் கொதிக்கிற எண்ணெய் கொட்டியபோதுகூடக் கேட்காத ஆள். கேட்டவரைப் பார்த்து நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாய்வா இருக்கும்ங்க. காலைலேருந்து ஒண்ணும் திங்கல, வெறும் டீயா குடிச்சிக்கிட்டு இருக்கீங்க" என்றேன்.

நம் பக்கத்தில் இடுப்புப் பிடித்தால் வாய்வு, தோள் குத்தினால் வாய்வு, நெஞ்சு அடைத்தாலும் வாய்வு. உங்கள் அப்பாவுக்கு வந்ததையும் அப்படித்தான் சொன்னோம். அவரை எடுத்த பிறகும், துக்கம் கேட்க வந்தவர்களிடம் வாய்வு நெஞ்சில் ஏறிவிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். குடித்தார். கோலி சோடா வாங்கிவரச் சொன்னேன். அதைக் குடித்ததும் மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஒரு ஏப்பம் விட்டார். எல்லாரும் சிரித்தோம். முத்துவேல், அதுதான் உன் அண்ணனோடு பதினெட்டு வருஷமாகக் கரண்டி பிடிக்கிறாரே அவர், "அண்ணே, வந்த விருந்தாளி கெளம்பிட்டாரு" என்றார். நான், "பாத்தீங்களா, வாய்வுதான்" என்றேன். உன் அண்ணனும் சிரித்தார். ஆஸ்பத்திரிப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

அவருக்குச் சட்டை முழுக்க நனைந்திருந்தது. விறகு எரிகிற கோட்டை அடுப்புப் பக்கத்தில் எல்லாருக்கும்தான் நனைந்திருக்கும். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான்கு மணிக்குச் சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, "உப்பு சரியா இருக்கு" என்றார். அந்தச் சாம்பாரில் உப்பே போடவில்லை என்று மறுநாள் முத்துவேல் சொன்னார். பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தவர் சொல்லித்தான் தெரிந்ததாம். உப்பு விஷயத்தில் உன் அண்ணன் தப்பியதே கிடையாது. நானும் அன்று அந்தச் சாம்பாரை ஒரு சொட்டு நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு அப்பளம் பொரிக்கிற அவசரம்.

அவர் அரிசி மூட்டை மேல் சாய்ந்து விழுந்ததுதான் ஐந்து மணி.

108 வந்து அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போன உடனே பார்த்தார்கள், ஒரு குறையும் சொல்வதற்கில்லை. சின்ன வயசு டாக்டரம்மா, "வலி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுச்சும்மா?" என்று கேட்டது. "அஞ்சு மணிக்குங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. கேட்டதும் அதுதான் வாயில் வந்தது. அந்தப் பெண் உன் அண்ணன் பக்கம் குனிந்து, "அஞ்சு மணிதானாங்கய்யா?" என்று கேட்டது. மூக்கில் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டு, மறுநாள் தஞ்சாவூருக்கு அனுப்பி, அங்கே ரத்தக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்ததெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. தஞ்சாவூர் டாக்டர் எங்கள் பிள்ளை அறிவரசனைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டி, இதயத்தில் ஒரு பக்கத்துச் சதை செத்துவிட்டது, இனி அது வேலை செய்யாது என்றார். வலி வந்து ஒன்றேகால் மணி நேரத்தில் ஊசி போட்டும் ஏன் இவ்வளவு பாதிப்பு என்று அவரே யோசித்தார். நான் மருந்துப் பையை வைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பின்னால் நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இன்றைக்கும் அந்த ஃபைலில் ஐந்து மணி என்றுதான் இருக்கிறது.

இதை எழுதும்போதாவது கண்ணில் தண்ணீர் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரம் நம் உதடு நம்முடையது மாதிரி இருக்காதே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருக்கிறது. அடுப்பில் சுட்டுக்கொண்டால் கொப்புளம் வந்த பிறகுதான் பார்க்கிறேன். பார்க்க வந்த சனம், "கல்லாட்டம் நிக்கிறா பாரு, தைரியமான பொம்பள" என்று என் காதுபடப் பேசுகிறது. தைரியம் எங்கே வந்தது.

அண்ணன் எப்படி இருக்கிறார் என்றுதானே கேட்பாய். காலையில் ஐந்து மாத்திரை, ராத்திரிக்கு மூன்று. அறிவரசன் ஓசூருக்குத் திரும்பிப் போகும் முன் பெரிய எழுத்தில் எழுதி பீரோவில் ஒட்டிவிட்டுப் போனான். அதில் ஒரு மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் வைத்த ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் என்றார்கள். அதை மட்டும் நானே கையில் கொடுத்து, விழுங்கும் வரை நிற்கிறேன். "வாயத் தொறந்து காட்டவா டீச்சர்?" என்கிறார். பீடியை அவராகவே விட்டுவிட்டார். மஞ்சப்பையில் இருந்த கட்டை எடுத்து முத்துவேலிடம் கொடுத்து, "நீயும் குடிக்காத, தூக்கிப் போடு" என்றாராம். காலையில் ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்து திரும்புகிறார். முதல் வாரம் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். இப்போது உட்காராமல் வருகிறார். ஆனால் நடக்கும்போது யார் வந்து பேசினாலும் நின்றுதான் பதில் சொல்கிறார். நடந்துகொண்டே பேசினால் மூச்சு வாங்குகிறது. எதிரே வருகிறவர்கள் சும்மா விடுகிறார்களா? ஒருத்தர் மருதம்பட்டை என்கிறார், ஒருத்தர் பூண்டை வெறும் வயிற்றில் என்கிறார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருகிறார்.

அடுப்புச் சூட்டில் நிற்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒத்துக்கொண்ட வேலைகளையெல்லாம் முத்துவேல்தான் பார்க்கிறார். ஒவ்வொரு சமையலுக்கும் முதல் நாள் வந்து, "எத்தன படி பருப்புண்ணே?" என்று கேட்பார். அவருக்குத் தெரியாததா. கேட்டால் அண்ணனுக்கு நன்றாக இருக்கும் என்றுதான் கேட்கிறார். உன் அண்ணனும் தெரிந்துகொண்டே பதில் சொல்கிறார்.

சாப்பாடுதான் எனக்குப் பெரிய பாடு. உப்பு ஒரு நாளைக்கு ஒரு சின்ன ஸ்பூன்தான், எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் வீட்டில் கிடையாது. அவருக்குத் தனியாக ஆக்குவானேன் என்று நானும் அதையே தின்கிறேன். "ஒனக்கு என்ன கேடு? நல்லா ஒறப்பா ஆக்கித் தின்னேன்" என்கிறார். ரசத்தில் கல் உப்பு ஒன்று கூடினாலும் கரண்டியை வீசுகிற மனுஷன், இப்போது எதைப் போட்டாலும், "நல்லாருக்கு" என்று தட்டைக் கழுவி வைக்கிறார். போன வாரம் அவரைச் சோதிப்பதற்கென்றே கூட்டைத் தீய விட்டேன். அதையும், "நல்லாருக்கு" என்றார். என்னைத் திட்டவே கூடாது என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.

ஒரு தடவை நானே பேச்சை எடுத்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். "அன்னைக்கு மண்டபத்துல மூணு மணிக்கு நீங்க கேட்டீங்களே..." என்று ஆரம்பித்தேன். "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்றார். காட்டிவிட்டேன் என்றேன். அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மனசுக்கு அதிர்ச்சி தரும் பேச்சு எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால்தான் மேலே பேசவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய்தான். எனக்குப் பயம்.

போன செவ்வாய்க்கிழமை தஞ்சாவூருக்குக் காட்டப் போனோம். டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "அஞ்சு மணிக்குத்தான வலி ஆரம்பிச்சது? அதுக்கு முன்னாடி ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்டார். இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நான் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அண்ணன், "அஞ்சு மணிதாங்க சார். முன்னாடி ஒண்ணும் இல்லிங்க" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வெள்ளரிப்பிஞ்சு விற்றார்கள். இரண்டு வாங்கினார். விற்கிற பெண்ணிடம், "எனக்கு உப்பு மொளகாத்தூள் வேணாம், இவங்களுக்குப் போட்டுக் குடும்மா" என்றார். அதைக் கையில் வைத்துக்கொண்டே செந்துறை வரை வந்து, இறங்கியதும் யாரும் பார்க்காமல் போட்டுவிட்டேன்.

ஜெயசித்ரா, இரண்டு மணி நேரத்தை நான் தின்றுவிட்டேன். வாய்வு என்று அன்று நம்பிச் சொன்னேனா, அறுநூறு இலையை நினைத்து வாய்வாக இருக்கட்டும் என்று சொன்னேனா, எனக்கே தெரியவில்லை. அவருக்கு என்ன தெரியும் என்பதும் தெரியவில்லை. மூன்று மணியை மறந்துவிட்டாரா? இல்லை, என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று மறைக்கிறாரா? அப்படி மறைத்தால் அந்தப் பாரத்தையும் அந்த நெஞ்சுதானே சுமக்கிறது. பாதி நெஞ்சில் எத்தனையைத்தான் சுமப்பார்?

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் மே மாதம் வருகிறேன் என்றாய். வா. இந்த முந்திரிப் பருப்பு பார்சலுக்குள் கடிதத்தை வைத்து முத்துவேலிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். கிடைத்ததும் போனில், "பருப்பு வந்துச்சு" என்று மட்டும் சொல். இதை எடுத்துப் பேசாதே, ஸ்பீக்கர் போட்டிருக்கும். இதைப் படித்துவிட்டு நீ என்னை என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள். உன் கூடப்பிறந்தவர், உனக்கு அந்தப் பாத்தியதை உண்டு. அதற்காக வராமல் மட்டும் இருந்துவிடாதே.

வந்து இரண்டு நாள் ஆன பிறகு, அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து நீ கேட்க வேண்டும். வலி எத்தனை மணிக்கு வந்தது அண்ணே என்று. டாக்டரிடம் சொன்னது மாதிரி உன்னிடம் சொல்ல மாட்டார். நான் கொல்லைப்பக்கம் இருப்பேன். ஐந்து மணி என்று சொன்னால் விட்டுவிடு, அதை என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். மூன்று மணி என்று சொல்லிவிட்டால் என்னை ஒரு குரல் கூப்பிடு. கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து அவர் முன்னால் நிற்கிறேன். அவர் என்னைத் திட்டி நாற்பது நாள் ஆகிறது. உன்னை வைத்துக்கொண்டு திட்டட்டும்.

உன் வீட்டுக்கார அண்ணனுக்கு வணக்கம். பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது நெஞ்சு லேசாக வலித்தாலும் வாய்வு என்று மட்டும் சொல்லிவிடாதே தாயி. அடுப்பில் என்ன கொதித்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஓடு.

இப்படிக்கு,
உன் அண்ணி
ஆண்டாயி